‘பார்வர்டு’ வந்தது சரி, ஆணை வந்ததா?

கேள்வி:

குரூப் 4 தேர்வு எழுதி, தென்காசி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் “குரூப்ல வந்திருக்கும், பாரும்மா” என்கிறார்கள். என் போனில் இப்போது ஆறு வாட்ஸ்அப் குழுக்கள். பழைய அரசாணை, புதிய அரசாணை, பத்திரிகைச் செய்தி, யாரோ தட்டச்சு செய்த சுருக்கம் எல்லாம் கலந்து கிடக்கிறது. பிளாஸ்டிக் சோதனைக்குப் போன இடத்தில் கடைக்காரர் ஒருவர் தன் போனைக் காட்டி, “120 மைக்ரான் பை ஓகேன்னு மத்திய அரசே சொல்லியிருக்கு, நீங்க என்ன பிடிக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டார். உடன் வந்தவர்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. இப்போது குற்றாலம் சீசன் வேலையும் என் பிரிவுக்கு வந்திருக்கிறது. எதை நம்புவது, எங்கே தேடுவது, எதைப் படித்து வைத்துக்கொள்வது?

— வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்:

தங்கச்சி, அந்தக் கடைக்காரர் காட்டியது பொய் இல்லை. தூக்குப் பைகள் 120 மைக்ரான் தடிமனுக்குக் குறையக் கூடாது என்ற மத்திய விதி 31.12.2022 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு முன்பே வேறோர் ஆணை இருக்கிறது: அரசாணை (நிலை) எண் 84, சுற்றுச்சூழல் மற்றும் வனத்துறை, நாள் 25.6.2018. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களை 1.1.2019 முதல் தடை செய்த ஆணை அது. அதில் தூக்குப் பைக்குத் தடிமன் கணக்கே கிடையாது. எத்தனை மைக்ரானாக இருந்தாலும் தடைதான். இந்த எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி சோதனைக்குப் போகும்போது கையில் வைத்திருந்தால் பேச்சு அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இதை முதலில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. குழுக்களில் வருவதில் பெரும்பாலானவை புரளி இல்லை, நிஜமான காகிதங்கள்தான். ஆனால் நமக்குப் பொருந்தாத காகிதங்கள். வேறு மாநிலத்துக்கோ, வேறு தேதிக்கோ, வேறு வகை உள்ளாட்சிக்கோ உரியவை. புரளியை யாராவது பிடித்துவிடுவார்கள். பொருந்தாத உண்மையை யாரும் பிடிப்பதில்லை, தணிக்கைக்காரர் வந்து பிடிக்கும் வரை.

இன்னொன்று பாருங்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள் என்று செய்தி ஓடியது. உண்மைதான், ஆனால் அது 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களுக்கு. தென்காசி 22.11.2019 அன்று பிறந்த மாவட்டம். வார்டு மறுவரையறை முடிந்து இங்கே தேர்தல் நடந்ததே 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். திருநெல்வேலி, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களும் அதே வரிசை. ஆகவே ஐந்தாண்டுக் கணக்கு இங்கே 2026 அக்டோபர் வரை ஓடும். ‘தமிழகம் முழுவதும்’ என்று தொடங்கும் எந்தச் செய்தியையும் நம் மாவட்டத்துக்காரர் இரண்டு தடவை படிக்க வேண்டும். உங்கள் பேரூராட்சிக்கோ அந்தக் கணக்கும் கிடையாது, இந்தக் கணக்கும் கிடையாது. நகர்ப்புறத் தேர்தல் 19.2.2022 அன்று தனியாக நடந்தது.

சட்டத்தின் பெயரிலும் இதே கோளாறு உண்டு. நோட்டீஸ் மாதிரிகள் கணினியில் பத்து, பதினைந்து வருடமாகக் கிடக்கும். தேதியை மட்டும் மாற்றி அச்சடிப்பது நம் வழக்கம். அதில் ‘1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம்’ என்று இருந்தால் உடனே நிறுத்துங்கள். 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 13.4.2023 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் கீழ் 2023-ஆம் ஆண்டு விதிகளும் வந்துவிட்டன. சொத்து வரியை அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்பதெல்லாம் அந்த விதிகளில்தான் இருக்கிறது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் லாட்ஜ்காரர்கள் வந்து கேட்பார்கள். அதேபோல ‘144 தடை உத்தரவு’ என்று பேச்சில் சொல்லிக்கொள்ளலாம், கோப்பில் எழுதக் கூடாது. 1.7.2024 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவு. அந்த அதிகாரமும் நிர்வாக நடுவர்களான ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர் போன்றோருக்குத்தான், செயல் அலுவலருக்கு இல்லை.

சரி, எங்கே தேடுவது? ஓர் அரசாணைக்கு எண், துறை, பிரிவு, நாள் என்று நான்கு அடையாளம் இருக்கும். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அதைச் செய்தியாக மட்டும் படியுங்கள். நான்கும் இருந்தால் தமிழக அரசின் இணையதளத்தில் துறை வாரியாக இருக்கும் அரசாணைப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். பேரூராட்சிக்கு நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை, ஊராட்சிக்கு ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை. விதித் திருத்தங்கள் அரசிதழில் வரும், அரசிதழும் இணையத்தில் கிடைக்கிறது. மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கப்படும் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை ஆண்டுக்கு ஒருமுறை முழுதாகப் படியுங்கள். எந்தத் திட்டம் உயிரோடிருக்கிறது, எது பெயர் மாறியது, எதற்கு எவ்வளவு ஒதுக்கீடு என்பதை அதைவிட ஒழுங்காகச் சொல்லும் புத்தகம் நமக்கு வேறில்லை. ஆச்சரியம் என்னவென்றால், அதைப் படிக்கும் ஊழியர்களைவிடப் படிக்கும் நிருபர்கள்தான் அதிகம்.

இணையத்தில் கிடைத்ததை இணையத்திலேயே விடாதீர்கள். ‘இருப்புக் கோப்பு’ என்று ஒன்று உங்கள் பிரிவில் இருக்க வேண்டும். அலுவலக நடைமுறை நூல் சொல்வதுதான், நாம்தான் மறந்துவிட்டோம். பொருள் வாரியாக ஒரு கோப்பு: பிளாஸ்டிக், சொத்து வரி, ஏலம், தகவல் உரிமை, அருவி. மூல ஆணை அடியில், திருத்தங்கள் அதன்மேல். திருத்தம் வந்தால் மூல ஆணையின் ஓரத்திலும் பென்சிலால் குறித்துவிடுங்கள். அந்த 84-ஆம் எண் ஆணைக்கே 2020-இல் ஒரு திருத்தம் உண்டு. பொருளோடு சேர்ந்து வரும் பொட்டல உறைகளுக்கு முதலில் தந்திருந்த விலக்கை அது எடுத்துவிட்டது. மூல ஆணையை மட்டும் வைத்திருப்பவர் இன்னும் அந்த விலக்கை நம்பிக்கொண்டிருப்பார்.

பழைய கோப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பகுதிக் கோப்புகளுக்குச் சரித்திரம் கொஞ்சம் கூடுதல். குற்றாலத்துக்கென்றே 1954-இல் ஒரு டவுன்ஷிப் சட்டம் போடப்பட்டது. 2004-இல் மாநிலத்தின் பேரூராட்சிகளில் பெரும்பாலானவை ‘சிறப்பு கிராம ஊராட்சி’களாக மாற்றப்பட்டு, 2006-இல் திரும்பவும் பேரூராட்சிகளாயின. அந்த இரண்டு ஆண்டுத் தீர்மானங்கள் ஊராட்சிகள் சட்டத்தின் பெயரில் இருக்கும், பார்த்து மிரள வேண்டாம். செங்கோட்டை வட்டாரமோ 1.11.1956 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலக் கணக்கில் இருந்தது. 2019 நவம்பருக்கு முந்தைய அனுமதிகள் எல்லாம் திருநெல்வேலி ஆட்சியரின் கையெழுத்தில்தான் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மூலக் கோப்பையும் பாளையங்கோட்டைப் பக்கம்தான் தேட வேண்டியிருக்கும். இவ்வளவு கைமாறிய ஊரில் கோப்பை முடிக்கும்போது கை கொஞ்சம் நடுங்க வேண்டும். குத்தகை, ஆக்கிரமிப்பு, நீதிமன்ற வழக்கு தொடர்பான எதையும் ‘மூ.மு.’ போட்டு மூன்று ஆண்டில் அழிக்கும் அடுக்கில் வைத்துவிடாதீர்கள்.

இனி சீசன். இங்கேதான் உங்கள் உண்மையான வேலை இருக்கிறது.

குற்றாலம் எட்டு வார்டு கொண்ட சின்னப் பேரூராட்சி. ஜூனில் சாரல் தொடங்கினால் ஆகஸ்ட் வரை கூட்டம். பிறகு கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். வெளியூர்க்காரருக்கு எல்லாம் ஒரே குற்றாலம்தான், கோப்பில் அப்படி இல்லை. பேரருவி, ஐந்தருவி, புலியருவி, சிற்றருவி பேரூராட்சிப் பக்கம். பழைய குற்றாலம் ஆயிரப்பேரி ஊராட்சியைச் சேர்ந்தது. செண்பகாதேவியும் தேனருவியும் காட்டுக்குள், வனத்துறையின் கையில். பழத்தோட்ட அருவி தோட்டக்கலைத் துறையின் வளாகத்தில். பேரருவியைச் சுற்றி குற்றாலநாதர் கோயில் நிலம், அது அறநிலையத் துறை. ஒரே தண்ணீர்தான், நான்கைந்து துறையின் எல்லையில் விழுகிறது. புகார் வந்தால் “அது எங்க லிமிட் இல்லை” என்று சொல்வது எல்லோருக்கும் எளிது.

17.5.2024 நினைவிருக்கும். பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்து, குளிக்க வந்த 17 வயதுப் பையன் ஒருவன் உயிரிழந்தான். அதன் பிறகுதான் அந்த அருவியை யார் பராமரிப்பது என்ற பேச்சே பெரிதானது. வனத்துறையிடம் தரலாம் என்றார்கள், ஊர் மக்கள் எதிர்த்தார்கள். யார் வைத்துக்கொள்வது என்பதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஆனால் யார் வைத்திருந்தாலும், மேலே மழை என்ற தகவல் கீழே குளிப்பவரைச் சேர எத்தனை நிமிடம் ஆகும், அந்தத் தகவலை யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது ஒரு தாளில் இருந்தாக வேண்டும்.

அந்தத் தாளை நீங்களே தயாரிக்கலாம். பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 34-ஆம் பிரிவு ஆபத்து நேரத்தில் மாவட்ட ஆணையத்துக்கு, அதாவது ஆட்சியரின் தலைமையிலான அமைப்புக்கு, ஓர் இடத்துக்குள் ஆட்கள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைத் தருகிறது. 41-ஆம் பிரிவு உள்ளாட்சி அமைப்பின் கடமைகளைச் சொல்கிறது: ஊழியர்களுக்குப் பயிற்சி, கருவிகள் தயார் நிலை, மீட்புப் பணி. குளிக்கத் தடை என்று அறிவிப்பு வந்தால் அது யாரிடமிருந்து, எத்தனை மணிக்கு, எந்த வழியாக வந்தது, அருவிக்கரையில் எத்தனை மணிக்கு ஆட்களை வெளியேற்றினோம், தடையை நீக்கச் சொன்னது யார் என்று ஒரு பதிவேடு போடுங்கள். சட்டம் இப்படி ஒரு நோட்டைக் கேட்கவில்லை. ஆனால் நாளை விசாரணை என்று வந்தால் உங்கள் செயல் அலுவலரும் அருவிக்கரை ஊழியரும் பிடித்துக்கொள்ள இருப்பது அந்த நோட்டு ஒன்றுதான்.

மழைத் தகவலுக்கும் குழுக்களை நம்ப வேண்டாம். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கை, மாநிலப் பேரிடர் மேலாண்மையின் டிஎன்-அலர்ட் செயலி, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070 ஆகிய நான்கும் போதும். ஒரே நாளில் 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிகக் கனமழை, 204.4 தாண்டினால் அதி கனமழை என்ற கணக்கு உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கட்டும். ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எச்சரிக்கை வருவது மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து. சங்கரன்கோவில் வெயிலில் காயும்போதே குற்றால மலையில் கொட்டும், குற்றாலத்துக் கடைவீதியில் வானம் தெளிவாக இருக்கும்போதும் கொட்டும். அதனால் தினமும் காலையில் மாவட்ட மழைப் பட்டியல் வந்ததும் குண்டாறு, அடவிநயினார் அணைப் பகுதிகளின் மழை அளவை முதலில் பாருங்கள். மலையை ஒட்டிய கணக்கு அவைதான். 36 அடிக் குண்டாறு நிரம்பியதும் செய்தியாகப் போடுவார்கள். நமக்கு வேண்டியது அணையின் மட்டம் இல்லை, அங்கே பெய்த மழை. அதற்கும் மேலே, காட்டுக்குள் இருக்கும் வனத்துறை ஊழியர் ஒருவரின் போன் அழைப்பு எல்லாச் செயலிகளையும் முந்திவிடும். வனச்சரக அலுவலகத்தின் எண் உங்கள் செயல் அலுவலரின் போனில் மட்டும் இருந்தால் போதாது, அருவிக்கரையில் நிற்பவரின் போனிலும் இருக்க வேண்டும்.

அடுத்தது டெண்டர். ஜூனில் சீசன் என்பது குற்றாலத்துத் திரிகூட மலை தோன்றிய காலத்திலிருந்து தெரிந்த விஷயம். ஆனாலும் மே மாதக் கடைசியில் “அவசரம்” என்று குறிப்பு எழுதி, ஜெனரேட்டரும் கூடுதல் தூய்மைப் பணியாளரும் மேற்கோள் வாங்கி ஏற்பாடு செய்யும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-இன் 16-ஆம் பிரிவு அவசரத்துக்காகத் தரும் விலக்கு, அரசு அறிவித்த இயற்கைப் பேரிடருக்கும் அவசர நிலைக்கும்தான். சாரல் பேரிடர் இல்லை. 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். மன்றத் தீர்மானம், மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி எல்லாம் சேர்த்தால் மார்ச்சில் கோப்பு நகர ஆரம்பிக்க வேண்டும்.

தேர்தல் ஆண்டானால் இன்னும் முன்னதாக. 2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு. நடத்தை விதிகள் ஜூன் 6 வரை. சீசனுக்குத் தயாராகும் காலம் மொத்தமும் அதற்குள் போய்விட்டது. அப்படிப்பட்ட ஆண்டில் கோப்பு பிப்ரவரியிலேயே கிளம்பிவிட வேண்டும்.

தற்காலிகக் கடைகளையும் மறக்காதீர்கள். 2023 ஆகஸ்டில், சீசன் நடக்கும்போதே, கோயிலை ஒட்டிய தற்காலிகக் கடைகளில் தீப்பிடித்து ஏராளமான கடைகள் எரிந்தன. இடம் ஒருவருடையது, ஏலம் ஒருவருடையது, மின் இணைப்பு ஒருவருடையது என்றிருக்கும் இடங்களில் காஸ் சிலிண்டரை எண்ணுவது யார் என்று யாரும் கேட்பதில்லை. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூவுக்குத் தடை விதித்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணையும், தனியார் விடுதிகள் நீரைத் திருப்பிச் செயற்கை அருவி உண்டாக்குவது பற்றிய ஆணைகளும் உங்கள் இருப்புக் கோப்பில் ‘அருவி’ என்ற தலைப்பில் முழு நகலாக இருக்க வேண்டும். பத்திரிகை நறுக்கு போதாது. நீதிமன்றம் எந்த அலுவலருக்கு என்ன சொன்னது என்பது நறுக்கில் இருக்காது.

ஆயிரப்பேரி போன்ற ஊராட்சிகளின் செயலர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று. ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மே 1 நமக்கென்றே வாய்த்த தேதி, சாரலுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு. வாகன நிறுத்தம், கழிப்பறை, விளக்கு, அருவிக்கரை ஆட்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே பொருளாக வைத்துத் தீர்மானம் போட்டுக்கொள்ளலாம்.

பயிற்சி பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். நகர்ப்புற உள்ளாட்சிக்குக் கோவையிலுள்ள தமிழ்நாடு நகரியல் பயிற்சி நிறுவனம், ஊரகத்துக்கு மறைமலைநகர் மாநில நிறுவனமும் நமக்குப் பக்கமான தே.கல்லுப்பட்டி மண்டல நிறுவனமும். அழைப்பு வந்தால் “சீசன் நேரம், ஆள் இல்லை” என்று தட்டிக் கழிக்க விடாதீர்கள். டிஎன்பிஎஸ்சி துறைத் தேர்வுகள் மே, டிசம்பர் என்று ஆண்டுக்கு இருமுறை நடக்கின்றன. மே மாதத்தில் வேலை நெருக்கும், டிசம்பரைக் குறிவையுங்கள். தகவல் உரிமை மனுவுக்கு 30 நாள் என்பது எல்லோருக்கும் தெரியும். உயிர், தனிமனிதச் சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம் என்பதைத் தபால் பிரிக்கிறவருக்கும் சொல்லிவையுங்கள்.

குழுக்களை விட்டு விலகச் சொல்லவில்லை. எங்கோ ஓர் ஆணை வந்திருக்கிறது என்று முதலில் மூக்கில் படுவது அங்கேதான். ஆனால் தபால் பதிவேட்டில் ஏறாத, மூலத்தைப் பார்க்காத எதையும் குறிப்பில் மேற்கோள் காட்டாதீர்கள். யாராவது கட்டாயப்படுத்தினால், “அண்ணே, நம்பர் சொல்லுங்க, எழுதிடுறேன்” என்று கேளுங்கள். பாதிப் பேர் அத்தோடு போய்விடுவார்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் அலுவலகத்தில் இரண்டு, மூன்று ஆண்டில் ஓய்வு பெறப்போகும் தலைமை எழுத்தரோ வரித்தண்டலரோ இருப்பார். மார்ச் மாதக் கணக்கு முடிந்ததும் ஒரு சனிக்கிழமை அவரோடு பீரோவைத் திறந்து உட்காருங்கள். எந்த அருவிக்கரை எந்த சர்வே எண், எந்தக் கடை வழக்கில் இருக்கிறது, எந்த ஏல நிபந்தனையை ஏன் சேர்த்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அவர் போன பிறகு இதைக் கேட்க ஆள் இருக்காது.